ஞாயிற்றுக்கிழமைக்குள் முற்பணம் கட்டலாமா? பழைய ஃபெராரி தேடும் வாசகருக்குப் பதில்

கேள்வி: நான் மேற்கு லண்டனில் வசிக்கிறேன். ஃபெராரி கார் ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்பது என் சிறுவயது ஆசை. சேமிப்பும் சீட்டுப் பணமுமாக 75,000 பவுண்டு திரட்டியிருக்கிறேன். நான்கு மாதமாகத் தேடியும் மனதுக்குப் பிடித்த கார் கிடைக்கவில்லை. இப்போது 2001-ஆம் ஆண்டு 360 மொடேனா ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. சிவப்பு நிறம், எஃப்1 கியர்பாக்ஸ், 24,000 மைல் ஓடியது. விற்பவர் வியாபாரி அல்லர், தனிநபர். இதே வகைக் கார்களுக்கு மற்றவர்கள் கேட்பதைவிட 7,000 பவுண்டு குறைவாகக் கேட்கிறார். சர்வீஸ் புத்தகத்தில் முத்திரைகள் இருக்கின்றன. டைமிங் பெல்ட் கடைசியாக மாற்றியது 2019-இல். வேறு இருவர் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றும், ஞாயிற்றுக்கிழமைக்குள் 5,000 பவுண்டு முற்பணம் கட்டினால் எனக்கே தருவதாகவும் சொல்கிறார். நிபுணரை அழைத்துவந்து பரிசோதிக்கலாமா என்று கேட்டேன். 'அதற்கெல்லாம் நேரமில்லை, வேண்டுமானால் நீங்களே ஓட்டிப் பாருங்கள்' என்றார். அடுத்த மாதம் எனக்கு ஐம்பது வயது நிறைகிறது; அதற்குள் கார் வாசலுக்கு வந்துவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். மனைவி பொறுக்கச் சொல்கிறார். மச்சான், இன்னும் கொஞ்சம் கடன் வாங்கி, 360-க்கு அடுத்து வந்த மாடலான எஃப்430 ஆகவே வாங்கிவிடு என்கிறார். நான் என்ன செய்வது? இன்னும் எவ்வளவு காலம் காத்திருப்பது? காரின் எம்ஓடி (பிரிட்டனில் ஆண்டுதோறும் நடக்கும் கட்டாய வாகனத் தகுதிச் சோதனை) வரலாற்றை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

பதில்: ஞாயிற்றுக்கிழமை நெருங்குவதால் அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த முற்பணத்தைக் கட்டாதீர்கள். அது மோசமான கார் என்று, அதைப் பார்க்காமல் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் இவ்வளவு பெரிய தொகை கேட்கும் ஒருவர், வாங்குபவர் தன் சொந்தச் செலவில் அழைத்துவரும் பரிசோதகருக்கு அரை நாள் ஒதுக்க மறுக்கிறார் என்றால், அந்த மறுப்பு ஒன்றே விலகி நிற்பதற்குப் போதுமான காரணம். நல்ல கார் வைத்திருப்பவருக்குப் பரிசோதனையால் நன்மையே உண்டு; அறிக்கை சுத்தமாக வந்தால் அவர் சொன்ன விலையில் ஒரு பவுண்டும் குறைக்க வேண்டியிருக்காது. பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை வாங்குபவர்கள் சார்பில் பரிசோதித்துக் கொடுப்பதே என் தொழில் என்பதால், பரிசோதனைக்கு இடம் கொடுக்காத விற்பனையாளரிடமிருந்து யாரும் மகிழ்ச்சியாகக் கார் எடுத்துச் சென்றதை நான் பார்த்ததில்லை என்பதையும் உறுதியாகச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை என்ற கெடு விற்பவர் வைத்தது. அடுத்த மாதம் என்ற கெடு நீங்களே உங்களுக்கு வைத்துக்கொண்டது. இவை இரண்டும் ஒன்றையொன்று பலப்படுத்துகின்றன என்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. ஐம்பதாவது பிறந்தநாளுக்கு வாசலில் சிவப்பு நிற ஃபெராரி நிற்க வேண்டும் என்ற ஆசையில் தவறேதும் இல்லை. ஆனால் அந்தத் தேதி காரின் நிலையை எந்த வகையிலும் மாற்றப்போவதில்லை. உங்கள் கண்கள் எதைப் பார்க்க மறுக்கும் என்பதைத்தான் அது மாற்றும். தேதி குறித்துக்கொண்டு கார் தேடுபவர்கள், கடைசி இரண்டு வாரத்தில் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டு, ஏற்கெனவே எடுத்த முடிவுக்குக் காரணங்களைச் சேர்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். உங்கள் கடிதத்தில் 'முத்திரைகள் இருக்கின்றன', 'விலை குறைவு', 'மைல் குறைவு' என்று மூன்று காரணங்கள் இருக்கின்றன. மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

அதற்கு முன்னால், இந்த மாடல் எவ்வளவு அரியது என்ற கேள்விக்கு வருகிறேன். 'இதை விட்டால் இன்னொன்று கிடைக்காது' என்ற பயம்தான் இத்தகைய முற்பணங்களைக் கட்ட வைக்கிறது. 360 வரிசை 1999-இல் அறிமுகமாகி 2005 வரை தயாரிக்கப்பட்டது. மொடேனா, ஸ்பைடர், சேலஞ்ச் ஸ்ட்ராடாலே என்ற மூன்று வகைகளையும் சேர்த்தால் 17,000-க்கும் மேற்பட்ட கார்கள் இத்தாலியின் மரனெல்லோவில் உள்ள ஃபெராரி தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தன. ஃபெராரி அளவுகோலில் இது பெரிய எண்ணிக்கை. வலப்பக்க ஸ்டியரிங் உள்ளவை இதில் ஒரு பகுதிதான் என்றாலும், பிரிட்டனில் எந்த மாதத்திலும் விற்பனைக்குச் சில கார்கள் இருக்கும். ஆகவே 360 அரிதல்ல. ஒழுங்காகப் பராமரிக்கப்பட்டு, காகிதங்கள் முழுமையாக உள்ள, நேர்மையான கைகளிலிருந்து வரும் 360 தான் அரிது. நான்கு மாதத்தில் அப்படி ஒன்று அகப்படாததில் வியப்பில்லை. நீங்கள் இப்போது பார்த்திருப்பது சந்தையில் எப்போதும் கிடைக்கக்கூடிய வகையைச் சேர்ந்தது. இதற்காக அவசரப்பட வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை.

இனி நீங்கள் அனுப்பிய எம்ஓடி வரலாறு. இதைப் பலர் கார் சோதனையில் தேறியதா இல்லையா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். பதிவு எண்ணைக் கொடுத்தால் எவரும் இலவசமாகப் பார்க்கக்கூடிய இந்த ஆவணத்தை வரிவரியாகப் படித்தால், ஒரு காரின் வாழ்க்கை ஓரளவு தெரிந்துவிடும். உங்கள் காகிதத்தில் 2012-ஆம் ஆண்டுச் சோதனையில் 21,800 மைல், 2013-இல் 21,870, 2014-இல் 21,910. அதன் பிறகு மூன்று ஆண்டுகளுக்குச் சோதனையே நடக்கவில்லை. 2018-இல் மறுபடி தோன்றும்போது 21,940. காரைச் சாலையில் ஓட்டுவதில்லை என்று அறிவித்துக் கொட்டகையில் நிறுத்தி வைத்திருக்கலாம். பலர் அப்படிச் செய்கிறார்கள், அது குற்றமில்லை. ஆனால் விபத்தில் சிக்கிப் பழுதுபார்ப்புக்காகக் காத்திருந்த கார்களிலும் இதே மாதிரியான இடைவெளி இருக்கும். அந்த மூன்று ஆண்டுகளில் கார் எங்கே இருந்தது, யாரிடம் இருந்தது, மறுபடி சாலைக்கு வருவதற்கு என்னென்ன வேலை செய்யப்பட்டது என்பதற்குப் பில்கள் இருக்கின்றனவா? கடிதத்தில் நீங்கள் அதைப் பற்றி எதுவும் எழுதவில்லை என்பதால், விற்பவரிடம் கேட்கவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

அதே காகிதத்தில் இன்னும் கீழே வாருங்கள். 2021-இல் சோதனையாளர் ஆலோசனைக் குறிப்பாக, பின் டயர்களின் பக்கவாட்டில் வெடிப்பு தெரிகிறது என்று எழுதியிருக்கிறார். 2022-இல் அதே குறிப்பு. 2023-லும் அதே குறிப்பு. ஆலோசனைக் குறிப்புக்காகக் காரைத் தோல்வியடையச் செய்வதில்லை, ஆகவே சட்டப்படி உரிமையாளர் அதைக் கவனிக்காமல் விட்டுவிட முடியும். ஆனால் 400 குதிரைத்திறனைப் பின் சக்கரங்களுக்கு மட்டுமே அனுப்பும் ஒரு காரில், வெடித்த டயர் என்று எழுத்துமூலம் சொல்லப்பட்ட பிறகும் ஆண்டுக்கணக்கில் அதே டயரில் ஓட்டிய ஒருவர், வெளியே தெரியாத பாகங்களுக்குப் பணம் செலவழித்திருப்பார் என்று நம்புவது கடினம். நேரில் போனால் டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள்: முதல் இரண்டும் வாரத்தையும் கடைசி இரண்டும் ஆண்டையும் குறிக்கும். 2312 என்றிருந்தால் அது 2012-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். எத்தனை மைல் ஓடியிருந்தாலும் அந்த வயது டயர் இந்தக் காருக்கு உதவாது.

இதிலிருந்து 'மைல் குறைவு' என்ற காரணத்துக்கு வரலாம். அன்றாடம் ஓடும் சாதாரணக் கார்களில் குறைந்த மைல் நல்ல அடையாளம்தான். இருபது ஆண்டைத் தாண்டிய ஃபெராரியில் அது இரண்டு பக்கமும் வெட்டும். நின்றே கிடக்கும் காரில், எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் அடைப்புகள் உலர்ந்து எண்ணெய் கசியத் தொடங்குகிறது, பெட்ரோல் கெட்டுப்போகிறது, பிரேக் திரவம் ஈரத்தை உறிஞ்சுகிறது, பேட்டரி இறங்கி, மின்னணுப் பெட்டிகள் காரணமில்லாத எச்சரிக்கைகளைக் காட்டத் தொடங்குகின்றன. ஆண்டுக்கு 40 மைல் ஓடிய காரைவிட, ஆண்டுக்கு 2,000 மைல் ஓடி ஒவ்வோர் ஆண்டும் பில்லோடு சர்வீஸ் செய்யப்பட்ட 45,000 மைல் காரை நான் தயக்கமில்லாமல் பரிந்துரைப்பேன். மைல் கூடிய அந்தக் காரின் விலையும் பொதுவாகக் குறைவாகவே இருக்கும். குறைந்த மைலுக்குக் கூடுதல் விலை கொடுக்கும் பழக்கம், காரை ஓட்டாமல் சேமித்து வைப்பவர்களுக்கு உரியது. நீங்கள் ஓட்ட விரும்புகிறீர்கள்.

அடுத்தது, எஞ்சினின் வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் இயங்க வைக்கும் டைமிங் பெல்ட். 360-இன் 3.6 லிட்டர் வி8 எஞ்சினில் ஒரு சிலிண்டருக்கு ஐந்து வால்வு வீதம் நாற்பது வால்வுகள் இருக்கின்றன. பெல்ட் அறுந்தாலோ அதை இழுத்துப் பிடிக்கும் பேரிங் உடைந்தாலோ, வால்வுகளும் பிஸ்டன்களும் ஒன்றோடொன்று மோதும். அதன் பிறகு எஞ்சினைப் பிரித்து மீண்டும் கட்ட வேண்டியதுதான். அதனால் மைல் எவ்வளவு ஓடினாலும், மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் பெல்ட்டை மாற்றிவிட வேண்டும் என்பதே இந்தத் தொழிலில் உள்ளவர்களின் வழக்கம். 2019-இல் மாற்றிய பெல்ட் அந்தக் காலத்தைத் தாண்டிவிட்டது. இதற்கு முந்தைய எஃப்355-இல் இந்த வேலைக்கு எஞ்சினையே கீழே இறக்க வேண்டும். 360-இல் இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள மூடியைக் கழற்றி அந்த வழியாகவே செய்துவிடலாம் என்பதால் செலவு குறைகிறது. அப்படி எளிதாகியும் ஓர் உரிமையாளர் அதைச் செய்யாமல் விட்டிருக்கிறார் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். விற்பனைக்கு முன்பே பெல்ட்டை மாற்றி, பில்லைக் கையில் கொடுக்கும் விற்பனையாளர்களும் இருக்கிறார்கள்.

எஃப்1 கியர்பாக்ஸ் என்பது தானியங்கி கியர்பாக்ஸ் அல்ல என்பதை நீங்கள் அறிந்திருப்பீர்கள். சாதாரண கியர்பாக்ஸையும் ஒற்றைக் கிளட்சையும் எண்ணெய் அழுத்தத்தால் இயக்கும் ஏற்பாடு அது. கிளட்ச் எவ்வளவு காலம் உழைக்கும் என்பது முழுக்க முழுக்க ஓட்டுபவரைப் பொறுத்தது. நெரிசலில் ஊர்ந்து செல்பவரும், மேடான வாசலில் பின்பக்கமாக ஏற்றி நிறுத்துபவரும் அதை மிக விரைவில் எரித்துவிடுவார்கள். கிளட்ச் எத்தனை சதவீதம் தேய்ந்திருக்கிறது என்பதை உரிய கணினிக் கருவியை இணைத்துத் தெரிந்துகொள்ளலாம். ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. கிட்டத்தட்ட முடியும் தறுவாயில் இருக்கும் கிளட்ச்கூட சோதனை ஓட்டத்தில் நன்றாகவே பிடிக்கும். 'வேண்டுமானால் நீங்களே ஓட்டிப் பாருங்கள்' என்ற அழைப்பு உங்களுக்குப் பயன்படாது என்று நான் சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

பரிசோதனையில் இன்னொன்றும் முக்கியம். எஞ்சின் குளிர்ந்த நிலையில் இருக்கும்போது, நம் கண்முன்னால் அதை முதன்முறையாக இயக்க வேண்டும். இந்த மாடலில், எஞ்சினிலிருந்து புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் மேனிஃபோல்டு குழாய்கள் விரிசல் விடுவது எல்லோரும் அறிந்த குறை. விரிசல் வழியாக வாயு கசியும்போது 'டிக் டிக்' என்று மெல்லிய, சீரான ஒலி வரும். எஞ்சின் சூடானதும் உலோகம் விரிந்து விரிசல் மூடிக்கொள்ள, ஒலி அடங்கிவிடும். அதனால்தான் காரைப் பார்க்கப் போகும்போது, விற்பவர் சாவியை எடுக்கும் முன்பே எஞ்சின் மூடியின் மேல் கையை வைத்துப் பார்க்கிறோம். 'நீங்கள் வருவதற்குள் கொஞ்சம் சூடாக்கி வைத்தேன்' என்று அவர் அன்போடு சொன்னால், வேறொரு நாள் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள்.

உடல் பகுதியைப் பற்றி ஒரு குறிப்பு. 360-இன் சட்டகம் அமெரிக்காவின் அல்கோவா நிறுவனத்தோடு சேர்ந்து அலுமினியத்தில் உருவாக்கப்பட்டது. மேல் தகடுகளும் அலுமினியம். பழைய கார் பார்க்கப் போகும்போது பலர் கையில் எடுத்துப் போகும் காந்தம் இதில் எங்குமே ஒட்டாது, ஆகவே அது எதையும் சொல்லாது. அலுமினியத்தின் மேல் அளக்கக்கூடிய பெயின்ட் கனமானி வேண்டும். முன்பக்கத்தில் கல்தெறிப்புக்காக மறுபடி அடித்த பெயின்ட் எதிர்பார்க்கக்கூடியதே. கதவுக்குப் பின்னால், எஞ்சின் அறையைச் சுற்றிய சட்டகத்தில் அடித்திருந்தால் விளக்கம் வேண்டும். மோதலில் சட்டகம் வளைந்திருந்தால், அதைச் சரியாக நிமிர்த்தத் தெரிந்த பட்டறைகள் மிகச் சிலவே.

இப்போது 'விலை குறைவு' என்பதற்கு வருவோம். பெல்ட் வேலை, நான்கு டயர், ஒருவேளை கிளட்ச், ஒருவேளை மேனிஃபோல்டு. இந்நான்கும் சேர்ந்து வந்தால் நீங்கள் மிச்சம் பிடிப்பதாக நினைக்கும் 7,000 பவுண்டு போதாமல் போகலாம். விற்பவர் உங்களுக்குச் சலுகை தரவில்லை. செய்யாமல் விட்ட வேலைகளை உங்கள் பெயருக்கு மாற்றித் தருகிறார் என்றே நான் கணக்கிடுவேன். மேலும், இங்கிலாந்தில் வியாபாரியிடம் வாங்கினால் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தின்படி, பெரிய குறை தெரியவந்தால் முப்பது நாளுக்குள் காரைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு. தனிநபரிடம் வாங்கும்போது அந்த உரிமை கிடையாது. விற்பவர் சொன்ன விவரணைக்குக் கார் பொருந்த வேண்டும், அதை விற்க அவருக்கு உரிமை இருக்க வேண்டும், பெரும்பாலும் அவ்வளவுதான். தனிநபரிடமிருந்து மிக நல்ல கார்கள் வருவதும் உண்டு. ஆனால் சட்டப் பாதுகாப்பு குறைவாக உள்ள இடத்தில் பரிசோதனையையும் விட்டுக்கொடுத்தால் உங்கள் கையில் ஒன்றுமே மிஞ்சாது. வி5சி எனப்படும் காரின் பதிவுப் புத்தகம் சொந்தக்காரர் யார் என்பதற்கான சான்று அல்ல, பதிவு செய்துகொண்டவர் யார் என்பதற்கான சான்றே என்பதையும் நினைவில் வையுங்கள். காரின் மேல் கடன் பாக்கி இருக்கிறதா, காப்புறுதி நிறுவனம் எப்போதாவது அதைச் சேதமானது என்று வகைப்படுத்தியிருக்கிறதா என்பதற்குக் கட்டணம் செலுத்தி ஒரு வரலாற்றுச் சோதனை எடுத்துக்கொள்ளுங்கள்.

'முத்திரைகள் இருக்கின்றன' என்பது மூன்றாவது காரணம். முத்திரை, ஒரு நாளில் ஒரு பட்டறை காரைத் தொட்டது என்பதை மட்டும் சொல்லும். என்ன செய்தார்கள், எதைச் செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தார்கள், உரிமையாளர் எதை மறுத்தார் என்பதெல்லாம் பில்லில்தான் இருக்கும். நல்ல காரோடு ஒரு கனத்த கோப்பும் வரும். அதை விற்பவரின் வீட்டு மேசையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் படிக்க அனுமதி கேளுங்கள். பில்லில் உள்ள மைல் எண்ணும் எம்ஓடி காகிதத்தில் உள்ள எண்ணும் தேதிவாரியாக ஒன்றோடொன்று பொருந்த வேண்டும்.

உங்கள் மச்சான் சொல்லும் எஃப்430-ஐப் பற்றி. 2004-இல் அறிமுகமான அந்த 4.3 லிட்டர் கார் 490 குதிரைத்திறன் கொண்டது. அதன் எஞ்சினில் பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி இருப்பதால் பெல்ட் மாற்றும் செலவு கிடையாது என்பது உண்மையான நன்மை. மேனிஃபோல்டு விரிசலும் எஃப்1 கிளட்சின் தேய்மானமும் அதிலும் உண்டு. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கடன் வாங்கி என்ற சொல்லை நான் ஏற்க மாட்டேன். இந்த வகைக் காரில் வாங்கும் நாளில் செலவு முடிவதில்லை. கையிருப்பு முழுவதையும் காருக்கே கொடுத்துவிட்டு மேலே கடனும் வைத்திருப்பவர், முதல் பெரிய பில் வரும்போது வேலையைத் தள்ளிப்போடுகிறார். நீங்கள் இப்போது பார்க்கும் காரும் அப்படித்தான் இந்த நிலைக்கு வந்திருக்க வேண்டும். எப்போதாவது எஃப்430 வாங்குவதாக இருந்தால், 2006 மார்ச் 23-க்கு முன் பதிவானதா பின் பதிவானதா என்று பாருங்கள். அந்தத் தேதிக்குப் பின் பதிவான, கரியமில வாயு அதிகம் வெளியிடும் கார்களுக்குச் சாலை வரி ஆண்டுக்குச் சில நூறு பவுண்டு கூடுதல். கார் ஒன்றேதான், வரிதான் வேறு. நீங்கள் லண்டனுக்குள் வசிப்பதால் இன்னொன்றும் உண்டு. 2023 ஆகஸ்ட் 29 முதல், அதிகம் மாசு வெளியிடும் வாகனங்களிடம் கட்டணம் வாங்கும் 'மிகத் தாழ்மாசு மண்டலம்' (யூலெஸ்) லண்டனின் எல்லா வட்டாரங்களுக்கும் விரிவாக்கப்பட்டுவிட்டது. எந்தக் காராக இருந்தாலும் அதன் பதிவு எண்ணை லண்டன் போக்குவரத்துத் துறையின் தளத்தில் முன்கூட்டியே சோதித்துவிடுங்கள். அந்த மண்டலத்தின் மாசு விதியை நிறைவு செய்யாத காரை வாசலிலிருந்து வெளியே எடுத்தாலே நாளொன்றுக்கு 12.50 பவுண்டு கட்ட வேண்டிவரும்.

எவ்வளவு காலம் காத்திருப்பது என்று கேட்டீர்கள். ஒரு முழு ஆண்டுச் சுற்றையாவது கணக்கில் வையுங்கள் என்பது என் கருத்து. இந்த நாட்டில் வெயில் தலைகாட்டும் மாதங்களில் ஸ்போர்ட்ஸ் கார் வாங்குபவர்கள் ஒரேயடியாகக் கூடுகிறார்கள், விற்பவர்களின் பிடியும் இறுகுகிறது. நவம்பர் முதல் ஜனவரி வரை பார்க்க வருபவர்கள் குறைவு. அந்தக் காலத்தில் விற்பவர் பேசவும் தயாராக இருப்பார், பரிசோதகருக்குக் கதவைத் திறக்கவும் தயாராக இருப்பார். அதுவரை விலை ஏறிவிடுமோ என்று பயப்படலாம். ஏறக்கூடும். ஆனால் சில மாதத்தில் ஏறக்கூடிய தொகையைவிட, தவறான காரின் முதல் ஆண்டுச் செலவு பெரிதாக இருப்பதையே நான் திரும்பத் திரும்பப் பார்த்து வருகிறேன்.

ஆனால் காத்திருப்பது என்றால் விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதல்ல. முதலில் உங்கள் 75,000 பவுண்டைப் பிரியுங்கள். பத்தாயிரத்தைத் தனிக் கணக்கில் ஒதுக்கி, அது முதல் இரண்டு ஆண்டுப் பராமரிப்புக்கு என்று மனைவியிடமும் சொல்லிவிடுங்கள், 65,000-க்குள் தேடுங்கள். அடுத்து, உங்கள் பகுதிக்கு எட்டும் தூரத்தில் ஃபெராரி மட்டுமே பார்க்கும், ஆனால் ஃபெராரி நிறுவனத்தைச் சாராத பட்டறை ஒன்றைக் கண்டுபிடித்து, கார் வாங்கும் முன்பே அறிமுகமாகிக்கொள்ளுங்கள். தங்களிடம் ஆண்டுதோறும் வரும் கார்களில் எது ஒழுங்கானது, எந்த உரிமையாளர் விற்கும் யோசனையில் இருக்கிறார் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். பிரிட்டனின் ஃபெராரி உரிமையாளர் சங்கத்தின் கூட்டங்களுக்கும் போய்ப் பாருங்கள். மிக நல்ல கார்கள் பல, விளம்பரத்துக்கே வராமல் இப்படிப்பட்ட பழக்கங்கள் வழியாகக் கைமாறிவிடுகின்றன. வாங்கும் எண்ணம் இல்லாமலேயே நாலைந்து 360-களை நேரில் பாருங்கள், இரண்டையாவது ஓட்டுங்கள். ஒழுங்கான கார் எப்படி ஒலிக்கும், பிரேக் மிதி எவ்வளவு கெட்டியாக இருக்கும், எஃப்1 கியர் எவ்வளவு வேகத்தில் மாறும் என்பது உங்கள் உடம்புக்குத் தெரிந்த பிறகுதான் குறையுள்ள கார் உங்களுக்குக் குறையுள்ளதாகத் தோன்றும். இப்போது உங்களிடம் ஒப்பிட ஏதுமில்லை.

நிறத்தில் கொஞ்சம் தளர்ந்துகொடுங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். சிவப்பு வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் தேடும் வட்டம் சுருங்கிவிடும். 'டூர் தெ ஃபிரான்ஸ்' என்று ஃபெராரி அழைக்கும் கருநீலத்தில் இந்தக் கார் எவ்வளவு அழகாக இருக்கும் என்பதை நேரில் பார்த்தால் நீங்களே ஒப்புக்கொள்வீர்கள். விட்டுக்கொடுக்கக்கூடியவை வேறும் உண்டு. உள்ளே பொத்தான்களின் மேற்பூச்சு பிசுபிசுவென்று ஒட்டும். அந்தக் காலத்து ஃபெராரிகளில் அது எல்லோருக்கும் வருவது, சரிசெய்துவிடலாம். டாஷ்போர்டின் தோல் சற்றுச் சுருங்கியிருக்கலாம். முன்பக்கத்தில் கல்பட்ட புள்ளிகள் இருக்கலாம். இவற்றுக்காக ஒரு நல்ல காரை நழுவவிட்டவர்களும் இருக்கிறார்கள். பொறுமை என்ற பெயரில் குறையே இல்லாத காரைத் தேடிக்கொண்டே பல ஆண்டுகளைக் கழித்துவிட்டு, கடைசியில் வாங்காமலே விட்டுவிட்டவர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் எதை ஏற்பேன், எதை ஏற்க மாட்டேன் என்பதை இப்போதே, மனம் அமைதியாக இருக்கும்போதே எழுதி வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். ஏற்கக்கூடாதவை என்று நான் கருதுபவை மூன்றுதான்: சட்டகத்தில் பழுது, வரலாற்றில் விளக்கமில்லாத இடைவெளி, பரிசோதனைக்கு மறுப்பு. இந்த மூன்றும் இல்லாத கார் ஒன்று உங்கள் தொகைக்குள் வந்தால், அன்றைக்குத் தாமதிக்கவே கூடாது. அன்றே பட்டறையை அழைத்து நாள் குறித்து, பரிசோதனையில் திருப்தி இல்லையென்றால் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும் என்று எழுதி வாங்கிக்கொண்டு முற்பணம் கொடுங்கள். தயாராகக் காத்திருந்தவரால் மட்டுமே அப்படி விரைந்து முடிவெடுக்க முடியும்.

பிறந்தநாளுக்கு என்று ஏதாவது செய்ய வேண்டுமானால், அன்று ஒரு நாள் முழுவதற்கும் 360 ஒன்றை வாடகைக்கு எடுத்து, மனைவியை அருகில் வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையிலும் நெரிசலிலும் ஓட்டிப் பாருங்கள். எஃப்1 கியர்பாக்ஸ் நெரிசலில் எப்படித் தள்ளாடும் என்பதைப் பார்த்த பிறகு, கையால் கியர் மாற்றும் காரே போதும் என்று முடிவு செய்தவர்கள் உண்டு. நீங்களும் அப்படி முடிவு செய்தால் தேடலே திசை மாறும். அந்தக் கார்களின் விலை கூடுதல் என்பதோடு, எஃப்1-ஆகப் பிறந்து பிறகு மாற்றியமைக்கப்பட்ட கார்களும் அந்தப் பெயரில் சந்தையில் உலவுகின்றன என்பதால், தொழிற்சாலையிலிருந்து எப்படி வந்தது என்பதற்கும் சான்று கேட்க வேண்டியிருக்கும்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது ஒன்றே. விற்பவருக்கு மரியாதையாக ஒரு செய்தி அனுப்புங்கள். காரில் ஆர்வம் இருக்கிறது என்றும், 2014 முதல் 2018 வரையிலான காலத்துப் பில்களைக் காட்ட முடியுமா என்றும், நீங்களே கட்டணம் செலுத்தும் ஒரு பரிசோதனைக்கு அவருக்கு வசதியான எந்த நாளிலும் சம்மதமா என்றும், அதற்குப் பிறகே முற்பணம் பற்றிப் பேச முடியும் என்றும் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் வேறொருவர் வாங்கிக்கொண்டால் போகட்டும். இரண்டு வாரம் கழித்தும் அதே விளம்பரம் அங்கேயே இருந்தால், சற்றுக் குறைந்த விலையோடு இருந்தாலும் நான் வியப்படைய மாட்டேன். அவர் சம்மதித்தால், பரிசோதனை அறிக்கையின் பிரதி ஒன்றை எனக்கும் அனுப்புங்கள்; டயர், பெல்ட், கிளட்ச் மூன்றுக்கும் ஆகும் செலவைக் கழித்து என்ன விலை சொல்லலாம் என்பதை அதை வைத்துக்கொண்டு பேசுவோம்.